கணுக்கால், முழங்கால், முதுகு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எனக்கு வயது 42. மூன்று வருடங்களுக்கு முன் ஓடும்போது வலது கணுக்கால் மடங்கிவிட்டது. கட்டுப் போட்டு மூன்று வாரம் ஓய்வெடுத்தேன். வலி போனதும் மறுபடி ஓட ஆரம்பித்தேன். அதன்பிறகு இரண்டு முறை அதே கால் பிசகியது. போன வருடத்திலிருந்து வலது முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது, முக்கியமாகப் படி இறங்கும்போது. ஆறு மாதமாக இடது கீழ்முதுகிலும் வலி. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாக வந்தது; இனிமேல் குனியாதீர்கள் என்றார்கள். கணுக்காலுக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர், முதுகுக்கு ஒருவர் என்று மூன்று பேரிடம் போயாகிவிட்டது. இப்போது ஒரு பயிற்சியாளர், "உடல் முழுவதும் ஒன்றுதான், எல்லாவற்றுக்கும் வேர் அந்தக் கணுக்கால். அதைச் சரிசெய்து உங்கள் நடையைத் திருத்தினால் மற்றதெல்லாம் தானாகப் போய்விடும். வேறு பயிற்சி எதுவும் செய்யாதீர்கள்" என்கிறார். நம்பலாமா? எங்கிருந்து தொடங்குவது? இப்போதெல்லாம் ஒவ்வொரு படியையும் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைக்கிறேன். தூக்கமும் ஐந்தாறு மணி நேரம்தான். 10 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள் நான். இனி ஓடவே முடியாதா?

— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் ஓட்டம் முடிந்துவிட்டது என்று சொல்ல ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. பல மாதங்கள் பிடிக்கும், நடுவில் சலிப்பு வரும். ஆனால் இதைவிடச் சிக்கலான நிலையிலிருந்து ஓட்டத்துக்குத் திரும்பியவர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு சோதனை. முதுகு வலியோடு சேர்ந்து சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, ஒரு காலில் பலம் நாளுக்கு நாள் குறைவது, எப்படிப் படுத்தாலும் குறையாத இரவு வலி, காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு: இவற்றில் ஏதாவது இருந்தால் இந்தப் பதிலை மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். முதல் இரண்டும் அவசர சிகிச்சைக்கு உரியவை, ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. முழங்கால் நடுவில் மாட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, அடிக்கடி வீங்கினாலோ அதையும் நேரில் காட்ட வேண்டும். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. அந்த நம்பிக்கையில்தான் மேலே எழுதுகிறேன்.

சரி, பயிற்சியாளர் சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னதில் பாதியை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். மறுபாதிதான் எனக்குக் கவலை தருகிறது.

ஒப்புக்கொள்வது இதை: கணுக்காலில் நடந்தது கணுக்காலோடு நிற்பதில்லை. படி இறங்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு கால் கீழ்ப்படிக்கு இறங்க வேண்டுமானால், மேல்படியில் நிற்கும் காலின் முழங்கால் பாதத்தைத் தாண்டி முன்னே வர வேண்டும். அதற்குக் கணுக்கால் நன்றாக மடங்கிக்கொடுக்க வேண்டும். பிசகிய கணுக்கால்களில் பலவற்றில் இந்த மடங்கும் அளவு குறைந்தே போகிறது, வலி போனபிறகும்கூட. கணுக்கால் கொடுக்காததை உடல் வேறு எங்காவது வாங்கிக்கொள்ளும். குதிகால் சீக்கிரமே எழும்பும், அல்லது முழங்கால் உள்பக்கம் சாயும், அல்லது இடுப்பு ஒரு பக்கம் இறங்கும். எப்படியானாலும் வேலை நடந்துவிடும், நீங்கள் கீழே வந்துவிடுவீர்கள். ஆனால் சுமை பிரிந்த விதம் மாறியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கணுக்காலின் வெளிப்பக்க லிகமெண்ட், பேச்சுவழக்கில் ஜவ்வு என்கிறோமே அது, வெறும் கயிறு இல்லை. அதில் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்ற சேதியை அவை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். லிகமெண்ட் கிழியும்போது அந்தச் சேதியும் மங்கிப்போகிறது. பலத்த கணுக்கால் சுளுக்கு ஏற்பட்டவர்களைச் சோதித்தபோது, அவர்களுடைய புட்டத்தசை வேலையைத் தொடங்கும் நேரமே மாறியிருந்ததை ஆய்வாளர்கள் 1990களிலேயே கண்டார்கள். காயம் பட்டது கீழே, மாற்றம் தெரிந்தது இடுப்பில். உங்கள் கால் மறுபடி இரண்டு முறை பிசகியதற்கும் இதுவே பெரிய காரணமாக இருக்கலாம். வலி போய்விட்டது, காலை நிலைநிறுத்தும் உணர்வு திரும்பவில்லை. அந்த இடைவெளியில் நீங்கள் ஓட ஆரம்பித்துவிட்டீர்கள்.

இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடிபட்டால் ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்றுதான் நம் எல்லோருக்கும் சொல்லித் தரப்பட்டது. இந்த நான்கையும் சேர்த்து 1978-ல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், முழு ஓய்வும் ஐஸும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014-ல் தானே தன் கருத்தை மாற்றிக்கொண்டார். முதல் சில நாட்கள் காலைக் காப்பாற்றுவது சரிதான். அதற்குப் பிறகு வந்திருக்க வேண்டிய பயிற்சிதான் உங்களுக்குக் கிடைக்கவில்லை. சுளுக்குக்குப் பின் சமநிலைப் பயிற்சி செய்தவர்களுக்கு மறுபடி பிசகுவது குறைகிறது என்பது இந்தத் துறையில் நன்றாக நிறுவப்பட்ட விஷயங்களில் ஒன்று. வலி நின்ற நாளோடு சிகிச்சையை முடித்துக்கொள்வதுதான், என் அனுபவத்தில், மறுகாயத்துக்கு நாம் போட்டுக்கொடுக்கும் பாதை.

இனி ஒப்புக்கொள்ள முடியாத பாதி. கணுக்கால் முதலில் வந்தது, முழங்கால் அடுத்து, முதுகு கடைசியில். அதனால் முதலாவதுதான் மற்ற இரண்டுக்கும் காரணம் என்று சொல்வது கேட்கச் சுலபமாக இருக்கிறது. உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நடுவில் மூன்று வருடம் ஓடியிருக்கிறது. ஓட்டம் நின்று நின்று தொடர்ந்திருக்கிறது, தூக்கம் குறைந்திருக்கிறது, உட்காரும் நேரம் கூடியிருக்கலாம், தொடைத்தசை இளைத்திருக்கலாம். இந்த இழைகளில் எது எதை இழுத்தது என்று பிரித்துக் காட்ட என்னால் முடியாது. அவராலும் முடியாது.

அதைவிட முக்கியமானது ஒன்று. முழங்கால் வலி எதனால் தொடங்கியிருந்தாலும், ஒரு வருடத்தில் அதற்கென்று தனி வாழ்க்கை வந்துவிட்டது. வலிக்கிற முழங்காலைச் சுற்றியுள்ள தசையை நரம்பு மண்டலம் அடக்கி வைக்கும். ஆரோக்கியமான முழங்காலுக்குள் உப்புநீரை ஊசியால் செலுத்தி, வெறும் வீக்கத்தை உண்டாக்கினாலே முன்தொடைத் தசையின் பலம் குறைவதைச் சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். அப்படி இளைத்த தசை, கணுக்கால் சரியாகிவிட்டது என்பதற்காகத் தானாக வளராது. அதற்கு நேரடியாகச் சுமை கொடுக்க வேண்டும்.

முழங்கால் சிப்பியைச் சுற்றி வலிக்கும் இதே பிரச்சினையில், முழங்கால் பயிற்சியோடு இடுப்புத்தசைப் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்கள், முழங்கால் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட நன்றாக முன்னேறுகிறார்கள். உடலை முழுதாகப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம். இங்கே யாரும் முழங்காலை விட்டுவிட்டு இடுப்புக்குப் போகவில்லை என்பதையும் கவனியுங்கள். இரண்டையும் சேர்த்தார்கள்.

ஒரே இடத்துக்குப் பொறுமையாகச் சுமை கொடுப்பதன் பலனுக்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். 1998-ல் சுவீடனைச் சேர்ந்த ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவரும் அவருடைய குழுவினரும், கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிகால் தசைநாணில் நீண்டநாள் வலியால் ஓட முடியாமல் இருந்த நடுவயது ஓட்டக்காரர்கள் 15 பேருக்கு ஒரே வகைப் பயிற்சியைக் கொடுத்தார்கள். படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது. முழங்காலை நீட்டி ஒன்று, மடக்கி ஒன்று. ஒவ்வொன்றும் 15 முறை வீதம் மூன்று சுற்று, காலையும் மாலையும். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 180 முறை, 12 வாரம். அந்த 15 பேரும் பழையபடி ஓடத் திரும்பினார்கள். சின்ன ஆய்வுதான், பிற்பாடு வேறு முறைகளும் வந்துவிட்டன. உங்களை 180 முறை செய்யச் சொல்லவும் மாட்டேன். ஆனால் அடிபட்ட திசுவுக்கு அதற்கே உரிய சுமை, அதற்கே உரிய காலம் வேண்டும் என்பதை இது காட்டியது. 'உடல் முழுவதும்' என்ற பெயரில் இந்த வேலையைத் தட்டிக் கழித்தால் அது முழுமையான அணுகுமுறை ஆகாது.

நடையைத் திருத்துவது பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு மிகவும் கவலை. எல்லோருக்கும் பொருந்தும் 'சரியான நடை' ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு அடியையும் நினைத்து நினைத்து வைத்தால் அதைப் பிடித்துவிடலாம் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. 1920களில் மாஸ்கோவில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் என்ற உடலியல் அறிஞர், சுத்தியலால் உளியை அடிக்கும் தொழிலாளர்களின் மூட்டுகளில் சின்னச் சின்ன விளக்குகளைப் பொருத்திப் படம் எடுத்தார். பல வருடம் கைப்பழக்கம் உள்ளவர்கள், நாளெல்லாம் ஒரே அடியை அடிப்பவர்கள். சுத்தியலின் முனை ஏறக்குறைய ஒரே பாதையில் வந்து விழுந்தது. ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சம் வேறு மாதிரி அசைந்தன. தோள் சற்று விலகினால் முழங்கை அதை ஈடுசெய்தது. கைதேர்ந்தவரின் உடல் ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப நகல் எடுக்கவில்லை. ஒரே வேலையை ஒவ்வொரு முறையும் புதிதாக முடித்தது.

என் வேலையை நான் புரிந்துகொண்ட விதத்தையே மாற்றியது இந்தப் படம்தான். ஒரு வேலையைச் செய்ய ஆரோக்கியமான உடலுக்கு நிறைய வழிகள் உண்டு. காயம் பட்டதும் அந்த வழிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்கின்றன. வலிக்கும் என்று ஒரு வழி, பயத்தால் இன்னொரு வழி, 'குனியாதீர்கள்' என்று யாரோ சொன்னதால் மூன்றாவது. கடைசியில் ஒன்றிரண்டு வழிதான் மிச்சம். எல்லாச் சுமையும் அதே இடங்களில், அதே கோணத்தில், ஒவ்வொரு நாளும் விழுகிறது. ஒவ்வொரு படியையும் பார்த்துப் பார்த்து இறங்குகிறேன் என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியில் எனக்கு இவ்வளவும் தெரிந்தது. மூடிய வழிகளைத் திறப்பதுதான் மறுவாழ்வுப் பயிற்சி. இருக்கிற ஒன்றிரண்டையும் மூடிவிட்டு, 'சரியான' ஒரே வழியை உங்கள் கையில் கொடுப்பது அதற்கு நேர் எதிரான வேலை.

என் சொந்த அனுபவம் ஒன்று. தொழிலுக்கு வந்த புதிதில், முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வந்த ஒரு பெண்மணியுடன் நான்கு மாதம் வேலை செய்தேன். மேசையில் படுக்க வைத்து மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளந்தேன், தொடையின் பலத்தை அளந்தேன். எல்லா எண்களும் நன்றாக வந்தன. அவர் மட்டும் "சரியாகவில்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் வெளியே படிக்கட்டில் அவர் இறங்குவதைத் தற்செயலாகப் பார்த்தேன். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கி, உடம்பை மரக்கட்டை போல இறுக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். மேசையில் இருந்த முழங்காலைத்தான் நான்கு மாதமும் பார்த்திருக்கிறேன். அதன் சொந்தக்காரரைப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து படிக்கட்டிலேயே வேலை செய்தோம், முதலில் ஒரே ஒரு படியில். அப்புறம் ஆறு வாரத்தில் கைப்பிடியை விட்டுவிட்டார். முன்பு கட்டிய பலம் வீணாகவில்லை, அது இல்லாமல் படிக்கட்டு வேலையும் நடந்திருக்காது. ஆனால் அந்த நான்கு மாதத்தில் அவர் சொன்னதை நான் இன்னும் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

முதுகுக்கு வருகிறேன், ஏனென்றால் அந்த ஸ்கேன் உங்களை எவ்வளவு பயமுறுத்தியிருக்கிறது என்று தெரிகிறது. முதுகு வலியே இல்லாத 3,000-க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களை வைத்து, 33 ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 40 வயதில் 50 சதவீதம். 80 வயதில் 84 சதவீதம். ஆக, உங்கள் வயதில் வலியில்லாமல் நடமாடும் இரண்டு பேரில் ஒருவருக்கு ஸ்கேன் எடுத்தால் உங்கள் அறிக்கையில் இருக்கும் அதே வரிதான் வரும். உங்கள் வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. வலி உண்மை. அந்த வரி வலியை முழுதாக விளக்கவில்லை, அவ்வளவுதான். ஆறு மாதமாகக் குனியாமல் முதுகை இறுக்கி வைத்திருந்தால், அந்த இறுக்கமே இப்போது வலியில் ஒரு பங்காக இருக்கலாம். முடி நரைத்துவிட்டதே என்று யாரும் தலையை அசைக்கப் பயப்படுவதில்லை. டிஸ்க்கையும் அப்படிப் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி, கைகளைத் தொடையிலிருந்து கணைக்கால் வரை மெதுவாக வழுக்கிக்கொண்டு போய், மூச்சை வெளியே விட்டுக்கொண்டே குனியுங்கள். பத்து முறை, காலையிலும் மாலையிலும். ஓரிரு வாரத்தில் நின்றபடி. அதற்குப் பிறகு, கையில் சின்ன எடையோடு. குனிவதால் வலி காலுக்குள் இறங்கினால் மட்டும் நிறுத்தி, நேரில் காட்டுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். அளப்பதிலிருந்து. சுவரைப் பார்த்து வெறுங்காலோடு நில்லுங்கள். ஒரு பாதத்தை முன்னே வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல், முழங்காலை மடக்கிச் சுவரைத் தொடப் பாருங்கள். தொட முடிந்தால் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி மறுபடி. தொட முடிகிற கடைசி இடத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர்? பலருக்கு 10 சென்டிமீட்டரையொட்டி இருக்கும். அதைவிட, உங்கள் இரண்டு காலுக்கும் நடுவே வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் எனக்கு வேண்டும். 2 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அங்கே வேலை இருக்கிறது. அடுத்து, சுவரில் விரல் நுனியை மட்டும் வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் குதிகாலை முழு உயரத்துக்கு உயர்த்தி இறக்குங்கள். எத்தனை முறை முடிகிறது? 25 முறை என்பது நீண்டகாலமாகச் சொல்லப்படும் அளவு. ஓட்டத்தை விட்டு ஒரு வருடமானவர்களுக்கு அடிபட்ட காலில் 10 கூட வராமல் போவது சாதாரணம், பதற வேண்டாம். மூன்றாவதாக, ஒற்றைக் காலில் நின்று எத்தனை விநாடி என்று பாருங்கள். முதலில் கண் திறந்து, பிறகு கண் மூடி, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும். எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

எண்கள் எதைக் காட்டினாலும், முதல் ஆறு வாரத்துக்கு வாரம் மூன்று நாள் போதும். சுவரைத் தொட்ட அதே அசைவே கணுக்காலுக்குப் பயிற்சி, மெதுவாக 15 முறை. பிறகு குதிகால் உயர்த்துதல், முழங்காலை நீட்டி ஒரு முறை, லேசாக மடக்கி ஒரு முறை. மடக்கிச் செய்வதை விட்டுவிடாதீர்கள். கெண்டைக்காலின் உள்தசைக்கு அதுதான் வேலை கொடுக்கிறது, ஓட்டத்தில் பெரும்பாரத்தைச் சுமப்பதும் அந்தத் தசைதான். முழங்காலுக்கு, தாழ்வான படியிலிருந்து மெதுவாக இறங்குதல். மூன்று எண்ணி இறங்குங்கள், குதிகால் தரையைத் தொட்டதும் மேலே வாருங்கள். இடுப்புக்கு, ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நீட்டி உயர்த்துதல். இரண்டு வாரம் கழித்து மல்லாந்து படுத்துப் புட்டத்தை உயர்த்துதல், பிறகு அதையே ஒற்றைக் காலில். எட்டிலிருந்து பன்னிரண்டு முறை, மூன்று சுற்று. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். சிரமமே இல்லையென்றால் எடை கூட்டுங்கள். பயிற்சி என்ற பெயரில் பல மாதங்கள் ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டே இருந்து பலம் ஏறவில்லை என்று வருபவர்கள் ஏராளம். தசைக்குத் தன்னால் முடிந்ததற்கு மேல் ஒரு படி கேட்டால்தான் அது வளரும்.

இடது காலுக்கும் செய்யுங்கள். ஒரு பக்கம் பயிற்சி செய்தால் மறுபக்கமும் ஓரளவு பலம் பெறும் என்று 1894-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தார்கள். கட்டுப் போட்டிருக்கும் நாட்களில்கூட நல்ல காலுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம். வேறு பயிற்சி எதுவும் வேண்டாம் என்றாரே உங்கள் பயிற்சியாளர், அதை நான் ஏற்க மாட்டேன். கை, தோள், மார்பு எல்லாவற்றுக்கும் பயிற்சி தொடரட்டும். சைக்கிள் ஓட்ட முடிந்தால் ஓட்டுங்கள், நீந்த முடிந்தால் நீந்துங்கள். ஒரு காலில் கோளாறு என்பதற்காக இதயமும் நுரையீரலும் ஏன் சும்மா இருக்க வேண்டும்?

வலித்தால்? கொஞ்சம் வலிக்கலாம். வலியே இல்லாததை 0 என்றும், தாங்கவே முடியாததை 10 என்றும் வைத்துக்கொண்டால், 2 வரை கவலையே இல்லை, 5 வரை பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். இன்னொரு நிபந்தனை: மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும், வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டு போகக் கூடாது. இந்த அளவுகோல் தசைநாண், முழங்கால் மறுவாழ்வில் பல வருடங்களாகப் பயன்படுகிறது. இதை உங்கள் கையில் கொடுப்பதற்கு எனக்குத் தனிப்பட்ட காரணமும் உண்டு. இன்று செய்யலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு முறையும் யாரையாவது கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், தானே முடிவெடுக்கத் தொடங்கும்போது அவருடைய அசைவிலேயே ஒரு தளர்வு வந்துவிடுகிறது. அதைப் பார்ப்பதில் எனக்குக் கிடைக்கும் சந்தோஷம் பெரிது.

இவற்றோடு, வழிகளைத் திறக்கும் வேலை. இதற்குத் தனி நேரம் வேண்டாம். படிக்கட்டில் ஒரு நாள் நேராக இறங்குங்கள், ஒரு நாள் பக்கவாட்டில், ஒரு நாள் பின்னோக்கி ஏறுங்கள், கைப்பிடி பக்கத்தில் இருக்கட்டும். ஒற்றைக் காலில் நின்று பந்தைச் சுவரில் எறிந்து பிடியுங்கள், அப்போது கவனம் பந்தில் இருக்கும், கால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். புல்லில், மணலில், சரிவில் நடங்கள். தரையில் உட்கார்ந்து விதவிதமாக எழுந்திருங்கள். அலங்காரமில்லாத இந்தச் சின்ன வேலைகளைத்தான் நான் மிக மிக முக்கியமாக நினைக்கிறேன்.

தூக்கம் ஐந்தாறு மணி நேரம் என்பதைக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். நான் இரண்டாம் முறை திரும்பிப் படித்த வரி அதுதான். உடல்நலக் குறைவை உடல், மனம், வாழும் சூழல் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று ஜார்ஜ் எங்கல் என்ற மருத்துவர் 1977-ல் எழுதினார். முழு உடல் அணுகுமுறை என்றால் எனக்கு அதுதான். இரவு தூக்கம் குறைந்தால் மறுநாள் அதே சுமை அதிகமாக வலிக்கும். பதின்வயது விளையாட்டு வீரர்களிடம் 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 1.7 மடங்காக இருந்தது. உங்கள் வயதுக்கு அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, ஆனாலும் திசை ஒன்றுதான். ஏன் தூங்க முடியவில்லை என்று எனக்குத் தெரியாது. வேலையா, கவலையா, முதுகு வலியா, யாரையாவது கவனித்துக்கொள்ள இரவில் எழுந்திருக்கிறீர்களா? வலி காரணமென்றால் முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். வேறு காரணமென்றால் அதற்கு உதவி தேடுவதையும் இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் பயிற்சியைக் கூட்டவா தூக்கத்தைக் கூட்டவா என்று நீங்கள் கேட்டால், தூக்கம் என்பேன்.

ஓட்டத்துக்கு எப்போது? 30 நிமிடம் வேகமாக நடந்து மறுநாள் வலி கூடாமல் இருக்க வேண்டும். வலது காலில் குதிகால் உயர்த்துதல் இடது காலை ஏறக்குறைய எட்டிப் பிடித்திருக்க வேண்டும். ஒற்றைக் காலில் பத்து முறை குதித்துத் தயங்காமல் தரையிறங்க முடிய வேண்டும். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் தரை உங்கள் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசையைத் திருப்பித் தருகிறது. குதிகால் தசைநாணில் அது ஆறு மடங்கையும் தாண்டும். அதனால்தான் இவ்வளவு கேட்கிறேன். இவை முடிந்தால் ஒரு நிமிடம் மெதுவாக ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, இப்படி ஏழெட்டு முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். வாரத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், நேரத்தைக் கூட்டினால் வேகத்தைக் கூட்டாதீர்கள். காலடியைக் கொஞ்சம் சிறிதாக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்காலுக்குப் போகும் சுமை குறையும் என்று 2011-ல் ஓர் ஆய்வு காட்டியது. முழங்கால் வலியுள்ள ஓட்டக்காரர்களிடம் நான் முதலில் முயற்சி செய்வது இதைத்தான். முன்பு சொன்னேனே, ஒரே சரியான வழி இல்லையென்று. இதுவும் இன்னொரு வழி, அவ்வளவுதான். பழைய ஓட்டத்தை மறக்கச் சொல்லவில்லை.

அந்தப் பயிற்சியாளரிடம் போவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. உங்களை ஒரு மணி நேரம் உட்கார வைத்து முழுக் கதையையும் கேட்டிருக்கிறார் என்றால், முந்தைய மூன்று பேரும் செய்யாததை அவர் செய்திருக்கிறார். அதன் மதிப்பை நான் குறைக்க மாட்டேன். ஆனால் அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என் முன்தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் எவ்வளவு சுமை, எப்படிக் கூட்டப் போகிறீர்கள்? எட்டு வாரத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் உங்கள் கணிப்பு தவறு என்று எடுத்துக்கொள்வீர்களா? எப்போது எனக்கு நீங்கள் தேவைப்பட மாட்டீர்கள்? இவற்றுக்கு அவர் சங்கடப்படாமல் பதில் சொன்னால் தாராளமாகப் போங்கள்.

இன்றைக்குச் சுவர் சோதனையை மட்டும் செய்து, இரண்டு காலின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் கழித்து அதே சுவரில் மறுபடி அளந்து எனக்கு எழுதுங்கள். எண் எப்படி வந்திருந்தாலும் எழுதுங்கள், அங்கிருந்து அடுத்ததைப் பேசலாம்.